ஷிர்க்கும் பல தெய்வக் கொள்கையும்: கிறிஸ்தவரைக் குறிக்கும் சொல் பற்றி ஓர் ஆய்வு

சாந்தோம் தேவாலயத்திலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே நடந்தால் பட்டினப்பாக்கம் வந்துவிடும். மேற்கே சற்றுத் தொலைவில் லஸ் மாதா கோயில். அடையாற்றின் முகத்துவாரத்தைக் கடந்தால் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயம். இவற்றின் நடுவே வாழும் முஸ்லிமுக்குக் கிறிஸ்தவம் அடுத்த வீட்டுச் சமயம். அந்த அடுத்த வீட்டாரை மார்க்க மொழியில் எச்சொல்லால் குறிப்பது என்று நம் மேடைகளில் கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது: முஷ்ரிக்குகள், அதாவது இணைவைப்பாளர்கள். சில சிறு வெளியீடுகள் ஒருபடி மேலே சென்று, மூன்று கடவுள்களை வணங்கும் பல தெய்வக் கொள்கையினர் என்றே அவர்களைக் குறித்துவிடுகின்றன. ஷிர்க், இணைவைத்தல், பல தெய்வக் கொள்கை ஆகிய மூன்று சொற்களும் ஒரே பொருளைத் தருவன என்ற எண்ணம் இதன் அடியில் இருக்கிறது. அவ்வெண்ணம் சரிதானா என்பதை அரபுச் சொல்லாட்சியையும் முன்னோர் உரைகளையும் கொண்டு நோக்குவது பயனுடையது.

பல தெய்வக் கொள்கை என்பது எண்ணிக்கையைப் பற்றியது. தெய்வம் ஒன்றா பலவா என்று கேட்டு, பல என்பாரை அக்கொள்கையினர் என்று வகுப்பது சமய ஒப்பியல் நூலாரின் முறை. ஷிர்க் என்பதோ எண்ணிக்கையிலிருந்து தொடங்கும் சொல்லே அன்று. ஷீன், ரா, காஃப் என்னும் மூன்று எழுத்துகளை வேராகக் கொண்ட இச்சொல்லின் அடிப்படைப் பொருள் பங்கு, கூட்டு என்பதாகும். வணிகக் கூட்டு நிறுவனத்தை இன்றும் அரபியர் ‘ஷரிகா’ என்கின்றனர்; கூட்டாளி ‘ஷரீக்’. திருக்குர்ஆனிலேயே இவ்வேர் நேரடிப் பொருளில் வருகிறது. வானங்களில் அவர்களுக்கு ஏதேனும் பங்கு உண்டா என்று சிலைகளைக் குறித்து வினவும் இடத்தில் (35:40) ‘ஷிர்க்’ என்னும் சொல் பங்கு என்ற பொருளில்தான் ஆளப்பட்டுள்ளது. இதைவிடச் சுவையான இடம் மூஸா (அலை) அவர்களின் பிரார்த்தனை. தம் சகோதரர் ஹாரூனைத் தம் பணியில் பங்குபெறச் செய்யுமாறு அவர்கள் அல்லாஹ்விடம் வேண்டும்போது (20:32) இதே வினைச்சொல் நல்ல பொருளில் வந்து நிற்கிறது. மாணவர்க்கு இவ்வசனத்தைப் பாடம் நடத்தும்போது சிலர் திடுக்கிடுவதுண்டு. ஷிர்க் என்றாலே சிலை என்று கேட்டுப் பழகிய செவிகள் அவை.

ஆகவே ஷிர்க் என்பது, அல்லாஹ்வுக்கே உரிய ஒன்றில் பிறருக்குப் பங்கு கொடுப்பது. பங்கு பெரிதா சிறிதா, பங்காளி ஒருவரா நூறு பேரா என்பதெல்லாம் அடுத்த கேள்விகள். இறைவன் ஒருவனே என்று நாவால் மொழிகிறவரிடமும் ஷிர்க் நிகழக்கூடும். பிறர் பார்க்க வேண்டும் என்பதற்காக வணக்கம் புரியும் முகஸ்துதியைச் சிறிய ஷிர்க் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக முஸ்னத் அஹ்மதில் ஹதீஸ் உள்ளது. அந்தத் தொழுகையாளி பல தெய்வக் கொள்கையினர் என்று எவரும் கூறமாட்டார்.

மக்கத்துக் குறைஷியரை எடுத்துக்கொள்வோம். ஷிர்க்கின் முதன்மையான எடுத்துக்காட்டு அவர்களே. வானங்களையும் பூமியையும் படைத்தவன் யார் என்று கேட்டால் அல்லாஹ் என்றே அவர்கள் விடை கூறுவர் எனத் திருக்குர்ஆன் பல இடங்களில் சான்று பகர்கிறது (29:61, 39:38). சிலைகள் தங்களை அல்லாஹ்விடம் நெருக்கிவைக்கும் என்பதற்காகவே அவற்றை வணங்குவதாக அவர்கள் சாக்குச் சொன்னதும் பதிவாகியுள்ளது (39:3). ஸஹீஹ் முஸ்லிமில் ஓர் அறிவிப்பு உண்டு: கஅபாவைச் சுற்றிவரும்போது அவர்கள், இறைவா உனக்குப் பங்காளி இல்லை என்று முழங்குவர். நபி (ஸல்) அவர்கள், அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பார்கள். அவர்களோ நிறுத்தாமல், ஒரு பங்காளி தவிர, அவனும் உனக்கு உடைமையானவனே என்று சேர்ப்பர். அப்பங்காளியை அவர்கள் அல்லாஹ்வுக்குச் சமமாகக் கருதவில்லை. அல்லாஹ்வின் உடைமை என்றே ஒப்புக்கொண்டனர். அப்படியிருந்தும் அது ஷிர்க்.

இங்குதான் நம் தமிழ்ச்சொல் சற்று இடறுகிறது. இணை என்றால் தமிழில் நிகர், ஒப்பு. இணையற்றவன், இணையில்லாப் பெருமை என்கிறோம். ஆகவே இணைவைத்தல், இணை கற்பித்தல் ஆகிய மொழிபெயர்ப்புகள் அரபியின் ‘நித்து’, ‘குஃப்வு’ ஆகிய சொற்களுக்கே நெருக்கமாக நிற்கின்றன. பங்கு என்ற கருத்து அவற்றில் பின்னுக்குப் போய்விட்டது. தமிழ்த் தஃப்ஸீர்களும் தர்ஜுமாக்களும் இச்சொல்லை நிலைபெறச் செய்துவிட்ட பின் இதை மாற்ற வேண்டும் என்று வாதிடுவது என் நோக்கமன்று. ஆனால் அதன் விளைவைக் காணாதிருக்க முடியாது. நான் யாரையும் இறைவனுக்கு நிகராக வைக்கவில்லையே என்று சொல்லி ஒருவர் எளிதில் விலகிக்கொள்ள இச்சொல் இடமளிக்கிறது. குறைஷியரும் அதையே சொல்லியிருப்பர்!

இனிக் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு வருவோம். கி.பி. 325இல் நைசியாவில் கூடிய ஆயர் பேரவை, மகன் தந்தையோடு ஒரே உள்பொருள் உடையவர் என்று வரையறுத்தது. 381இல் கான்ஸ்டான்டிநோபிள் பேரவை தூய ஆவி குறித்த பகுதியை விரித்தது. நைசியாவின் 1,700ஆம் ஆண்டு நிறைவு 2025இல் உலகெங்கும் நினைவுகூரப்பட்டது. இவ்வரையறையின்படி கடவுள் ஒருவரே. மூன்று கடவுளர் உண்டு என்பது அவர்களுடைய திருச்சபைகளிடத்திலேயே தவறான கொள்கை. எனவே அவர்களைப் பல தெய்வக் கொள்கையினர் என்று எழுதுவது, அவர்கள் சொல்லாத ஒன்றை அவர்கள் வாயில் திணிப்பதாகும்.

இக்குழப்பத்தில் தமிழ்க் கிறிஸ்தவ மொழிக்கும் பங்குண்டு என்பது என் கருத்து. கிரேக்கரின் ‘ஹைபோஸ்டாசிஸ்’ என்ற சொல்லை அரபுக் கிறிஸ்தவர்கள் மொழிபெயர்க்க நேர்ந்தபோது, மனிதரைக் குறிக்கும் ‘ஷக்ஸ்’ என்ற வழக்குச் சொல்லை விடுத்து, சிரியாக் மொழியிலிருந்து ‘உக்னூம்’ என்பதைக் கடனாகப் பெற்றனர். கேட்பவர் மூன்று மனிதரை எண்ணிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அதில் தெரிகிறது. தமிழில் கத்தோலிக்க ஞானோபதேச மரபு ‘ஆள்’ என்ற சொல்லைத் தேர்ந்தது. பிதா முதலாம் ஆள், சுதன் இரண்டாம் ஆள் என்று கேட்கும் தமிழ் முஸ்லிம், மூன்று பேரைக் கணக்கிடாமல் வேறென்ன செய்வார்? கடவுளைக் குறிக்கும் சொல்லிலேயே அவர்களுக்குள் நெடுங்காலம் ஒற்றுமை இருந்ததில்லை. கத்தோலிக்கர் சர்வேசுரன் என்றனர். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பராபரவஸ்து என்றார். பின்வந்த சீர்திருத்தச் சபையாரின் மொழிபெயர்ப்பில் தேவன் நிலைத்தது. இன்றைய பொது மொழிபெயர்ப்பு கடவுள் என்கிறது.

சொல் இடறினாலும் அறிஞர் இடறவேண்டியதில்லை. ஹிஜ்ரி 606இல் மறைந்த இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ (ரஹ்), மூவரில் மூன்றாமவர் என்ற கூற்றை மறுக்கும் வசனத்துக்கு (5:73) விரிவுரை எழுதும்போது, ஜவ்ஹர் ஒன்று, அகானீம் மூன்று என்னும் கிறிஸ்தவர் கூற்றை அவர்களுடைய கலைச்சொற்களிலேயே எடுத்துரைத்து, அதன் பின்னரே அதை அறிவின் துணைகொண்டு மறுக்கிறார். அவருக்கு முன் ஷஹ்ரஸ்தானீ (ரஹ்) தம் அல்மிலல் வன்னிஹல் நூலில் மல்கானியா, நஸ்தூரியா, யஅகூபியா எனக் கிறிஸ்தவப் பிரிவுகளைத் தனித்தனியே வகுத்துக் கூறினார். எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோரிடம் இருந்த இந்த நிதானம், இன்று ஒலிபெருக்கிக்கு முன் நிற்கும்போது நமக்கு இல்லாமல் போனது ஏன் என்று கேட்கத் தோன்றுகிறது. 1854 ஏப்ரலில் ஆக்ராவில் பாதிரியார் ஃபாண்டருடன் வாதிட்ட மவ்லானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவீ (ரஹ்) கூட, எதிர்த்தரப்பின் நூல்களைத் தேடித் திரட்டிக்கொண்டுதான் அவைக்குச் சென்றார்.

இவ்வளவும் கூறியதால் கிறிஸ்தவ நம்பிக்கையின் மீது திருக்குர்ஆன் வைக்கும் கேள்வி தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாகாது. நாங்கள் ஒரே கடவுளைத்தான் நம்புகிறோம் என்ற விடை, பல தெய்வக் கொள்கை என்ற குற்றச்சாட்டுக்கு விடையாகும். ஷிர்க் பற்றிய வினாவுக்கு விடையாகாது. அல்லாஹ்வுக்கே உரிய வணக்கத்தில், பிரார்த்தனையில், சட்டமியற்றும் உரிமையில் எவருக்கேனும் பங்கு தரப்பட்டதா என்பதே அவ்வினா. மர்யமின் மகன் மஸீஹ்தான் அல்லாஹ் என்போரைப் பற்றிய வசனத்தில் (5:72), அல்லாஹ்வுக்கு இணைவைப்பவருக்குச் சுவனம் தடுக்கப்பட்டது என்னும் எச்சரிக்கை மஸீஹின் வாய்மொழியாகவே வருகிறது. என்னையும் என் தாயையும் இரு கடவுளராக்கிக் கொள்ளுங்கள் என்று நீர் கூறினீரா என ஈஸா (அலை) அவர்கள் மறுமையில் வினவப்படும் இடமும் (5:116) இத்தகையது. மர்யம் (அலை) மூவொருமையில் சேர்ந்தவர் அல்லர், குர்ஆன் எங்கள் கொள்கையைத் தவறாக விளங்கியுள்ளது என்று கிறிஸ்தவ எழுத்தாளர் சிலர் இவ்வசனத்தைக் குறைகூறுவர். இவ்வசனம் மூவொருமைக் கோட்பாட்டை விவரிக்கப் புகவில்லை என்பதை அவர்கள் கவனிக்கத் தவறுகின்றனர். மக்கள் யாரை நோக்கிக் கையேந்துகின்றனர் என்பதே இங்குப் பேசப்படும் செய்தி. பெசன்ட் நகர் ஆலயத்தில் மன்றாடும் கூட்டத்தைக் கண்டவருக்கு அதன் பொருள் விளங்காமல் போகாது. அக்கூட்டத்தில் நம்மவர் சிலரும் நிற்பர் என்பதையும், தர்காக்களில் அவர்கள் சிலர் நிற்பர் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவது நேர்மை.

குருமார்களையும் துறவிகளையும் கடவுளராக்கிக் கொண்டனர் என்ற வசனத்தின் (9:31) விளக்கமும் இங்கு வேண்டும். கிறிஸ்தவராயிருந்த அதீ இப்னு ஹாத்திம் (ரழி), கழுத்தில் பொற்சிலுவையோடு நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது இவ்வசனத்தைக் கேட்டார். அவர்களை நாங்கள் வணங்கவில்லையே என்ற ஐயத்துக்கு, அவர்கள் ஆகுமாக்கியதை ஆகுமானதாகவும் விலக்கியதை விலக்கப்பட்டதாகவும் ஏற்றதே அது என்று விளக்கம் தரப்பட்டதாகத் திர்மிதீயில் உள்ளது. அதன் அறிவிப்புத்தொடரை ‘ஃகரீப்’ என்றும் அவரே குறிப்பிட்டுள்ளார். இங்குக் குற்றம் சிலையைச் சார்ந்ததன்று, அதிகாரத்தைச் சார்ந்தது. இவ்விளக்கத்தின் கூர்மை எவர் பக்கமெல்லாம் திரும்பக்கூடும் என்பதை எண்ணினால் நம்மில் சிலருக்கும் வியர்க்கும்.

ஆக, கிறிஸ்தவரின் நம்பிக்கையில் ஷிர்க் உண்டு என்பது திருக்குர்ஆனின் தீர்ப்பு. அப்படியானால் அவர்களை முஷ்ரிக்குகள் என்று பெயரிட்டு அழைப்பதில் என்ன தவறு? தமிழிலேயே இதற்கு ஒப்புமை உண்டு. ஒருவர் பாடினார் என்பதும் அவர் பாடகர் என்பதும் ஒன்றல்ல. முன்னது செயலைக் கூறும். பின்னது இனத்தைக் கூறும். மேலே கண்ட 9:31இல், அவர்கள் இணைவைப்பவற்றை விட்டு அல்லாஹ் தூயவன் என்று வினைதான் வருகிறது. இனப்பெயராக அச்சொல் வரும் இடங்களில், அஹ்லுல் கிதாப் என்னும் வேதக்காரரும் முஷ்ரிக்குகளும் ‘வாவ்’ என்ற இணைப்பிடைச்சொல்லால் வேறுபடுத்தப்படுகின்றனர் (2:105, 98:1). 22:17இல் நம்பிக்கையாளர், யூதர், ஸாபியீன், நஸாரா, மஜூஸ் ஆகியோருக்குப் பின் இணைவைத்தோர் தனியே எண்ணப்படுகின்றனர். நம்பிக்கையாளர் மீது கடும் பகைமை கொண்டோராக யூதரையும் இணைவைத்தோரையும் கூறும் 5:82, அன்பில் மிக நெருங்கியோராக நஸாராக்களைக் கூறுகிறது. பாரசீகரிடம் ரோமர் தோற்றபோது மக்கத்து முஷ்ரிக்குகள் மகிழ்ந்ததும், ரோமர் மீண்டும் வெல்வர், அன்று நம்பிக்கையாளர் மகிழ்வர் என்று அர்ரூம் அத்தியாயம் அறிவித்ததும் யாவரும் அறிந்ததே. அந்த ரோமர் நைசியாவின் வரையறையை ஏற்ற கிறிஸ்தவர்கள்தாம்.

இமாம் இப்னு தைமிய்யா (ரஹ்) இவ்வேறுபாட்டுக்குத் தரும் காரணம் கருதத்தக்கது. வேதக்காரரின் மார்க்கத்தினுடைய வேரில் ஷிர்க் இல்லை, அதன் வேர் தவ்ஹீத். ஷிர்க் அவர்கள் புதிதாகச் சேர்த்துக்கொண்டது. ஆகவே செயலைக் கண்டிக்கும் இடத்தில் வினை வந்தாலும், பெயரால் அவர்கள் முஷ்ரிக்குகளிலிருந்து பிரிக்கப்பட்டனர் என்கிறார். கிறிஸ்தவத்தை மறுத்து அல்ஜவாபுஸ் ஸஹீஹ் என்ற பெருநூலை எழுதியவரும் இவரே என்பதால், இதை இளக்காரமாகத் தள்ளிவிட முடியாது.

எதிர்க் கருத்து இல்லாமலில்லை; வலுவாகவே உண்டு. மர்யமின் மகனைத் தன் இறைவன் என்று ஒரு பெண் கூறுவதைவிடப் பெரிய ஷிர்க் எதையும் தாம் அறியவில்லை என்று கூறி, கிறிஸ்தவப் பெண்களை மணப்பதை இப்னு உமர் (ரழி) வெறுத்தது ஸஹீஹுல் புகாரீயில் உள்ளது. இணைவைக்கும் பெண்களை மணக்காதீர் என்ற வசனத்துக்கு (2:221) உரையெழுதுகையில் இமாம் ராஸீ, முஷ்ரிக் என்ற சொல்லில் வேதக்காரரும் அடங்குவர் என்பதே பெரும்பாலோர் முடிவு என்றும், தமக்கும் அதுவே ஏற்புடையது என்றும் எழுதுகிறார். தபரீ (ரஹ்) எடுத்துரைக்கும் கதாதாவின் கருத்தோ, அவ்வசனம் வேதமற்ற அரபு இணைவைப்பாளரையே கருதியது என்பது. எப்படிக் கொண்டாலும், வேதக்காரரின் உணவையும் கற்புள்ள பெண்களையும் ஆகுமாக்கும் 5:5, அவர்களுக்கெனத் தனிச் சட்டநிலை ஒன்றை வகுத்துவிட்டது. பெயரில் அடக்கிய ராஸீயும் சட்டத்தில் பிரித்தே வைக்கிறார். நம் மேடைகளில் நடப்பது வேறு. ராஸீ கூறிய பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் வைத்த விலக்கை விட்டுவிடுகின்றனர். விளைவு என்ன? முஷ்ரிக்குகள் அசுத்தமானோர் என்ற வசனம் (9:28) ஓதப்பட்டு, அது பட்டினப்பாக்கத்துக் கிறிஸ்தவ மீனவரின் மேல் வந்து விழுகிறது. நஜ்ரான் கிறிஸ்தவக் குழுவினர் மதீனா வந்தபோது நபியின் பள்ளிவாசலிலேயே கிழக்கு நோக்கித் தம் தொழுகையை நிறைவேற்றினர் என்ற இப்னு இஸ்ஹாக்கின் அறிவிப்பு மறைந்துபோகிறது. சில ஊர்களில் பள்ளிவாசலைப் பிற சமயத்தார் பார்க்கத் திறந்துவைக்கும் நிகழ்ச்சிகள் அண்மை ஆண்டுகளில் நடந்தபோது எழுந்த தடுமாற்றங்களுக்கும் இச்சொல் மயக்கம் ஒரு காரணம். பெயரைத் தவறாகச் சூட்டினால் சட்டமும் தவறாக இறங்கும்.

தென்மாவட்டத் தமிழர் கிறிஸ்தவரை வேதக்காரர் என்றும் தேவாலயத்தை வேதக்கோயில் என்றும் வழங்கியது இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. அஹ்லுல் கிதாப் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ், மொழிபெயர்ப்பாளர் தேடாமலே மக்கள் வழக்கில் கிடந்திருக்கிறது.

இவ்வட்டாரத்து வரலாற்றிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, புனித தோமாவின் அடக்கத்தலத்தைப் பற்றி எழுதியுள்ளார். அவர் குறிப்பது மயிலாப்பூரையே என்பது பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு. கிறிஸ்தவரோடு முஸ்லிம்களும் அங்கு வந்தனர் என்றும், தோமா தங்களைச் சேர்ந்தவரே என்று அவர்கள் கூறினர் என்றும், அவரை ‘அவரியான்’ என்று அழைத்தனர் என்றும் அவர் பதிகிறார். இச்சொல் அரபியின் ‘ஹவாரீ’ என்பதே என்று ஜோசப் ஸ்கேலிஜர் விளக்கம் தந்தார். மார்க்கோ போலோ நூலுக்கு 19ஆம் நூற்றாண்டில் உரைக்குறிப்பு எழுதிய ஹென்றி யூலும் அதை ஏற்றார். ஈஸா (அலை) அவர்களின் சீடர்களுக்குத் திருக்குர்ஆன் தரும் பெயர் அது. அச்சீடர்கள், நாங்கள் முஸ்லிம்கள் என்பதற்கு நீரே சாட்சியாயிரும் என்று கூறியதாக ஆல இம்ரானில் (3:52) வருகிறது. தோமா தங்களைச் சேர்ந்தவர் என்று அம்முஸ்லிம்கள் சொன்னதைக் கேட்ட வெனிஸ் வணிகருக்கு அது புதிராகப் பட்டிருக்கலாம். குர்ஆன் ஓதியவருக்கு அதில் புதிர் ஏதுமில்லை. அடக்கத்தலத்துக்குப் பயணம் போவது சரியா என்பது தனி விவாதம். கிறிஸ்தவ மார்க்கத்தின் வேர் தவ்ஹீத் என்று இப்னு தைமிய்யா எழுதியதை, அவர் நூல்களைக் கண்டிராத இக்கரை முஸ்லிம்கள் ஒரே சொல்லில் உணர்ந்திருந்தனர் என்பதே நம் கவனத்துக்குரியது.

அக்காலத்தில் இங்கிருந்த கிறிஸ்தவரும் பிற்காலத்துப் போர்ச்சுகீசிய மரபினர் அல்லர். பரங்கிமலையில் 1547இல் கண்டெடுக்கப்பட்ட, பஹ்லவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை, பாரசீகத்தோடு தொடர்புடைய கீழைத் திருச்சபையினரின் தடயம். நம் நூல்கள் நஸ்தூரியா என்று குறிக்கும் பிரிவு அதுவே. மர்யம் (அலை) அவர்களை இறைவனின் தாய் என அழைப்பதை ஏற்காமல், மஸீஹின் தாய் என்ற பெயரையே கொண்ட சபை அது. 431இல் எபேசுப் பேரவையில் எழுந்த பிணக்கு இதைப் பற்றியதே. 5:116 எழுப்பும் கேள்வியின் ஒரு பகுதி, கிறிஸ்தவருக்குள்ளேயே இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் எழுந்து சபைகளைப் பிரித்திருந்தது என்பது நம் வாதிகள் அறியவேண்டிய செய்தி.

ஃபிக்ஹ் மாணவருக்கு இந்த வரலாறு வெறும் பழங்கதையுமன்று. தமிழகக் கடற்கரை முஸ்லிம்களில் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், இஸ்ரவேலர் அல்லாத வேதக்காரப் பெண்ணை மணப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அவளுடைய முன்னோர் அம்மார்க்கம் திரிக்கப்படுவதற்கும் மாற்றப்படுவதற்கும் முன் அதில் நுழைந்தது தெரிந்திருக்க வேண்டும் என இமாம் நவவீயின் மின்ஹாஜ் கூறுகிறது. ஹனஃபீ மத்ஹபில் இந்நிபந்தனை இல்லை. முத்துக்குளித்துறைப் பரவர் கிறிஸ்தவரானது 1530களில். பிரான்சிஸ் சேவியர் அக்கரைக்கு வந்தது 1542இல். ஷாஃபிஈ நூல்களின்படி அவர்கள் வழிவந்தோர் இச்சலுகைக்கு வெளியே நிற்பர். ஹனஃபீ நூல்களின்படி உள்ளே நிற்பர். கி.பி. 52இல் தோமா கேரளம் வந்தார், 72இல் இங்கே கொல்லப்பட்டார் என்ற மரபைப் போற்றும் சிரியக் கிறிஸ்தவர் தம் தொன்மையை நிறுவிவிட்டால், ஷாஃபிஈ அறிஞரின் விடையும் மாறக்கூடும். வரலாற்றாசிரியரிடையே இன்னும் முடிவாகாத அந்த மரபின்மேல் மண விலக்கு ஒன்று தொங்கி நிற்பதை மாணவர்க்கு எடுத்துரைக்கும்போது வகுப்பில் உறக்கம் கலைந்துவிடும். உமர் (ரழி) அவர்கள் தம் காலத்தில், யூதப் பெண்ணை மணந்த ஹுதைஃபாவை (ரழி) விட்டுவிடச் சொன்னார்கள். அது ஹராமா என்று அவர் திருப்பிக் கேட்டபோது, ஹராம் என்று தாம் கூறவில்லை என்றும் விடை தந்தார்கள். இத்தனை நுணுக்கமும் இத்தனை தயக்கமும் வேதக்காரர் என்ற பெயர் இருப்பதனால் எழுந்தவை. முஷ்ரிக் என்ற ஒற்றைப் பெயரைச் சூட்டிவிட்டால், மின்ஹாஜின் அப்பக்கத்தைப் பாடம் நடத்தவேண்டிய தேவையே எழாது.